டிபன் டப்பா மேல் ஒரு பூனை

அன்புள்ள அம்மா,

கோவையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. தனியாகத்தான் இருக்கிறேன். காலையில் ஒரு ரசம், ஒரு பொரியல், அவ்வளவுதான் சமையல். டப்பாவை மூடியதும் துண்டுச் சீட்டில் ஏதாவது ஒரு மிருகத்தை வரைந்து மூடியில் ஒட்டுவேன். ஸ்கூட்டர் ஓட்டும் பூனை, கண்ணாடி போட்ட காக்கா, குடை பிடித்த எருமை. நானே வரைந்ததுதான் என்றாலும் மதியம் டப்பாவை எடுக்கும்போது சிரிப்பு வந்துவிடும். போன வாரம் அண்ணன் வந்திருந்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "வரையிற கை இருக்கு, ஒழுங்கா ஒரு கிளாஸ்ல சேர்ந்து உருப்படியா ஏதாவது வரையேன். இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு" என்றான். என் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து சீட்டை எடுக்கவே கை வரவில்லை. நான் நேரத்தை வீணாக்குகிறேனா?

இன்னொன்று. நான் வைக்கும் ரசம் எப்போதும் கலங்கலாகவே இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

நாளைக் காலையே சீட்டை எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

குடை பிடித்த எருமையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எவ்வளவு மழை கொட்டினாலும் அசையாமல் நிற்கிற பிராணி அது. அதன் கையில் போய்க் குடையைக் கொடுத்திருக்கிறீர்களே, எருமையை நன்றாகப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

மாமல்லபுரம் போயிருப்பீர்கள். அர்ஜுனன் தபசு என்று நாம் சொல்லும் அந்தப் பெரும்பாறை 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. பகீரதன் தவம் என்று சொல்பவர்களும் உண்டு. சுமார் 90 அடி நீளம், 40 அடி உயரம். சிவன் நிற்கிறார், எதிரே கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஒற்றைக்காலில் ஒரு தவசி. தேவர்களும் நாகர்களும் கூட்டமாக வருகிறார்கள். இத்தனை பேருக்கும் கீழே, பெரிய யானையின் முன்னால், ஒரு பூனை. பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால்களை அந்தத் தவசி மாதிரியே தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள்.

பூனை தவசியாக வேஷம் போட்டு எலிகளைத் தின்ற கதை மகாபாரதத்தில் உத்தியோக பருவத்திலேயே இருக்கிறது. அதனால் பூனைக்காவது ஒரு காரணம் சொல்லிவிடலாம். ஆனால் அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அதற்கு என்ன புராணம்? அருகிலேயே தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. தாய் குட்டிக்குப் பால் கொடுக்க, ஆண் குரங்கு பின்னால் உட்கார்ந்து அதற்குப் பேன் பார்க்கிறது. எல்லாம் கருங்கல். உளி ஒருமுறை தவறினால் திரும்ப ஒட்ட முடியாது. அந்தக் கல்லில், அரசனின் பெருவேலை நடக்கிற இடத்தில், மான் மூக்கைச் சொறிவதற்கென்று ஒரு மனிதர் வெயிலில் உட்கார்ந்து நாள்கணக்காகக் கொத்தியிருக்கிறார். உங்கள் சீட்டுக்கு ஐந்து நிமிஷம் ஆகுமா?

கும்பகோணம் பக்கம் போனால் தாராசுரத்தையும் பார்த்துவிடுங்கள். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். அங்கே ஒரு சிற்பத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. நான் போன அன்று ஒரு பையன் மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அப்பா இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. பிறகு அப்பாவும் வந்து கையை வைத்தார்.

கோயிலை விடுங்கள், வீட்டில் எது இல்லாமல் இருந்தது? எங்கள் ஆத்தாவின் பாக்குவெட்டி கிளி உருவம். மேல் அலகு கிளியின் கழுத்தாக வளைந்து வரும், கண்ணுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு பாக்குக்கும் அது வாயைத் திறந்து மூடுவது போலிருக்கும். பாக்கை வெட்ட இரும்பு போதும், கிளி தேவையில்லை. ஆனாலும் அந்தக் கொல்லர் கிளி வைத்தார். மார்கழி வாசலில் புள்ளிக்கோலம் முடிந்ததும் ஓரத்தில் ஒரு அன்னம் வந்து உட்காரும். கல்யாணப் பட்டுப்புடவைக் கரையில் யானையும் யாளியும் வரிசையாக நடக்கும். இவர்களில் யாரும் இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை. வேலையோடு வேலையாக வந்தது. உங்களுக்கு டப்பா மூடுகிற வேலையோடு வருகிறது.

அம்மா தோசை சுடும்போது, பாத்திரத்தின் அடியில் கடைசியாக ஒன்றரைக் கரண்டி மாவு மிஞ்சும். முழுத் தோசைக்குப் பற்றாது. அதை வட்டமாக ஊற்றி, கரண்டி நுனியிலிருந்து ஒழுகும் மாவை ஒரு பக்கம் நீளமாக இழுத்துவிடுவார். தும்பிக்கை. கீழே நான்கு சொட்டு, கால்கள். கண்ணுக்கு ஒரு மிளகு. தும்பிக்கை மெல்லிசு என்பதால் முதலில் முறுகிவிடும். அது யாருக்கு என்று எனக்கும் தம்பிக்கும் சண்டை வரும். அம்மா எங்களுக்குச் செய்துகொடுத்த பண்டங்களில் பல பெயர்கூட மறந்துவிட்டது. மிஞ்சின மாவில் வந்த அந்த யானையின் முறுகல் இன்னும் நாக்கில் இருக்கிறது.

எளிய சமையல் என்றால் எனக்கு இதுதான். மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். தினமும் அதே பத்துச் சாமான், அதே அஞ்சறைப் பெட்டி. தனியாக இருப்பவர்கள் பலர் தனக்கென்று அதைக்கூடச் செய்துகொள்வதில்லை. "எனக்கு மட்டும்தானே" என்று அடுப்பை மூட்டாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் தினமும் மூட்டுகிறீர்கள். அதன் மேல் ஒரு பூனையையும் வைக்கிறீர்கள். வேறு யாருக்காவது டப்பா கட்டிக்கொடுத்தால் எவ்வளவு பிரியமாகக் கட்டுவீர்களோ அவ்வளவு பிரியமாக உங்களுக்கே கட்டிக்கொள்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நெகிழ வைத்தது அதுதான்.

அண்ணன் மேல் வருத்தம் வேண்டாம். தங்கையிடம் ஒரு திறமை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது பெரிய விஷயம். வகுப்பில் சேரத் தோன்றினால் சேருங்கள். அங்கே நிழலும் அளவும் கற்கலாம், நல்லதுதான். ஆனால் இந்தச் சீட்டுப் படங்களை அங்கே கொண்டுபோய்த் திருத்தி வாங்க வேண்டாம். காக்காவின் கண்ணாடி கொஞ்சம் கோணலாக இருக்கட்டும். அடுத்த முறை அண்ணன் வரும்போது, ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் அவருக்கும் ஒரு டப்பா கட்டி, மூடியில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள். என்ன மிருகம் என்பதை நான் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்து அவரைப் பார்த்தவர் நீங்கள்.

இனி ரசம். கலங்குவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மிளகு சீரகத்தை மிக்ஸியில் மாவாக அரைத்துவிடுகிறீர்கள், அல்லது பருப்புத் தண்ணீர் விட்ட பிறகும் தளதளவென்று கொதிக்க விடுகிறீர்கள். மிளகு சீரகத்தைப் பூண்டோடு சேர்த்து உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். புளித்தண்ணீரும் தக்காளியும் பச்சை வாடை போகும்வரை நன்றாகக் கொதிக்கட்டும், அங்கே அவசரம் வேண்டாம். பிறகு வெந்த பருப்பின் மேலாகத் தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், அடிமண்டியை விட்டுவிடுங்கள். இடித்ததைப் போட்டுத் தீயைக் குறைத்துவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரத்தில் மஞ்சளாக நுரை கட்டி நடுவை நோக்கி வரும். அது மேலே எழும்பும்போதே அடுப்பை அணைத்து, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுங்கள். தாளிப்பு நெய்யில்.

நுரை கட்டி வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அடுப்பை விட்டு நகரக் கூடாது, ஆனால் கை சும்மாதான் இருக்கும். பென்சிலும் சீட்டும் அடுப்பு மேடையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்.