கேள்வி–பதில்: ஆற்றங்கரையில் இன்னொரு கிளாஸ்கோ

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ‘ஸ்காட்லாந்தியர் குடியேறிக் கப்பல் கட்டிய சிற்றூர்’ என்று நியூ கிளாஸ்கோவை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஸ்காட்லாந்தை விட்டு அவ்வளவு தொலைவுக்குப் போகவேண்டிய தேவை அம்மக்களுக்கு ஏன் வந்தது?
– வாசகி, கும்பகோணம்

1746-இல் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் கல்லோடன் போரில் தோற்ற பிறகு, ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் குலத்தலைவனுக்கும் குடிகளுக்கும் இருந்த பழைய உறவு அறுந்துபோயிற்று. தலைவர்கள் வெறும் நிலவுடைமையாளர்களாக மாறிக் குத்தகையை உயர்த்தினார்கள். பிற்காலத்தில் ஆடு வளர்ப்பது கூடுதல் இலாபம் தரும் என்று கண்டு, குடிகளை நிலத்திலிருந்தே வெளியேற்றினார்கள். இந்த நெருக்கடியின் தொடக்கத்தில், 1773-ஆம் ஆண்டு, லோக் புரூம் என்ற கடற்கழியிலிருந்து ‘ஹெக்டர்’ என்ற பழைய கப்பல் ஏறத்தாழ 190 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வழியில் பெரியம்மையாலும் வயிற்றுக்கடுப்பாலும் 18 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். செப்டம்பர் 15 அன்று கப்பல் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ துறைமுகத்தை அடைந்தபோது, விளைநிலமும் ஓராண்டுக்கான உணவும் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள் கண்டது நீர்விளிம்பு வரை இறங்கி நின்ற அடர்காட்டைத்தான். விதைக்கும் பருவமும் முடிந்துவிட்டிருந்தது. அந்த முதற்குளிர்காலத்தை அவர்கள் கடந்ததில், அந்நிலத்தின் தொல்குடிகளான மிக்மாக் மக்களின் உதவிக்கு இடமுண்டு என்பதை மறக்கலாகாது.

பிக்டோ துறைமுகத்தில் மூன்று ஆறுகள் வந்து கலக்கின்றன. அவற்றுள் ஒன்றான கிழக்கு ஆற்றின் கரையில், அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த 1783-ஐ அடுத்து, படையிலிருந்து விடுவிக்கப்பட்ட மலைநாட்டு வீரர்களும் நிலம் பெற்றுக் குடியேறினர். 1809-இல் வில்லியம் ஃபிரேசர் என்ற நில அளவையாளர் அங்கே மனைகளை அளந்தபோது, இன்னொரு கிளாஸ்கோ உருவாகும் என்ற நம்பிக்கையில் ஊருக்கு நியூ கிளாஸ்கோ என்ற பெயரை இட்டார் என்பது ஊர் வழக்கு. இன்று அங்கே வசிப்போர் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்.

கப்பல் கட்டும் திறமையை ஸ்காட்லாந்திலிருந்தே கொண்டுவந்தார்களா? கடலோரம் இருக்க, ஆற்றுக்குள் ஏன் கட்டினார்கள்?
– வாசகர், தூத்துக்குடி

கப்பல் தொழிலை அறிந்த ஊரிலிருந்து வந்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இனத்தோடு ஒட்டிப் பிறந்த கைத்திறனாகக் கப்பல் தொழிலைப் பேசும் வழக்கம் சுற்றுலாக் கையேடுகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடியேறிய மலைநாட்டினரில் பெரும்பாலோர் மாடு மேய்த்தும் சிறு நிலத்தை உழுதும் பிழைத்தவர்கள். அவர்களைக் கப்பல் கட்ட வைத்தவை காடும் ஆறும் சந்தையும்தாம்.

நெப்போலியனுடன் நடந்த போரில் பால்டிக் கடல் வழியாக வரும் மரம் பிரிட்டனுக்குத் தடைப்பட்டது. உடனே குடியேற்ற நாடுகளின் மரத்துக்கு வரிச்சலுகை தரப்பட, பிக்டோவின் காடுகள் ஒரே தலைமுறைக்குள் பணமாயின. மரத்தை அனுப்பக் கப்பல் வேண்டும். கப்பலுக்கும் அதே மரம் போதும். ஆகவே குளிர்காலத்தில் வெட்டிப் பனியின்மேல் இழுத்து வந்த மரங்களைக் கொண்டு ஆற்றங்கரையிலேயே ஏராக்கட்டை என்ற அடிமரத்தைக் கிடத்தி, வங்குகள் என்ற விலாமரங்களை நிறுத்தி, பலகை தைத்து, நீர் புகாதபடி இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று அடித்துக் கப்பலை முடித்தார்கள். அதில் மரத்தையே சரக்காக ஏற்றிக் கிளாஸ்கோவுக்கோ லிவர்பூலுக்கோ அனுப்பி, அங்கே சரக்கையும் கப்பலையும் சேர்த்தே விற்றுவிடுவதும் உண்டு. ஒரு பயணத்தில் இரண்டு விற்பனை நடந்ததால், கையில் அதிக முதல் இல்லாத சிறு வணிகனும் இத்தொழிலில் இறங்க முடிந்தது.

ஆற்றைத் தேர்ந்தெடுத்ததற்கும் தெளிவான காரணங்கள் இருந்தன. கிழக்கு ஆற்றில் கடலின் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், நியூ கிளாஸ்கோ வரை ஏறுகிறது. சரக்கேற்றாத கப்பல் குறைந்த ஆழத்திலேயே மிதக்கும் என்பதால், நீர் ஏறும் பெருக்கு நேரத்தில் அதைத் துறைமுகத்துக்கு இறக்கிக்கொண்டு போகலாம். புயலின் அடியும் அலையின் மோதலும் அங்கே இல்லை. மரம், கொல்லுலை, கடை, ஆள் எல்லாம் அருகிலேயே கிடைத்தன.

இத்தொழிலை ஊரின் அடையாளமாக்கியவர் கேப்டன் ஜார்ஜ் மெக்கென்சி (1798–1876). கட்டுவதும் தானே, கட்டியதைக் கடலில் செலுத்துவதும் தானே என்று வாழ்ந்தவர் அவர். அவருடைய ‘ஹாமில்டன் கேம்பல் கிட்ஸ்டன்’ 1,400 டன்னுக்கு மேற்பட்டது. அது ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றின் வழியே பழைய கிளாஸ்கோவுக்கே சென்றது. அவருக்குப் பின் ஜேம்ஸ் வில்லியம் கார்மைக்கேல் (1819–1903) கப்பல் கட்டுவோராகவும் கப்பல் உரிமையாளராகவும் ஓங்கி, நாடாளுமன்ற உறுப்பினராகி, இறுதியில் செனட்டிலும் இடம்பெற்றார். ஸ்காட்லாந்திய வேர் என்று சொல்வதானால், உளியைப் பிடித்த கையில் அதைத் தேடுவதைவிட, கிளைடு ஆற்றங்கரை வணிகர்களோடு இவர்களுக்கு இருந்த கடிதப் போக்குவரத்திலும் கடனுறவிலும், மலைநாட்டினரின் கேலிக் மொழியில் வழிபட்ட பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையிலும், 1816-இல் தாமஸ் மெக்கல்லக் நிறுவிய பிக்டோ அகாதமி என்ற கல்விக்கூடத்திலும் தேடுவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

மரக்கப்பல்களின் காலம் முடிந்ததும் ஊரும் நலிந்துவிட்டதா?
– வாசகர், சேலம்

நலியவில்லை, எனக்கு இவ்வூரின்மீது மதிப்பு ஏற்பட்டதே அந்தக் காரணத்தால்தான். இரும்பு உடலும் நீராவிப் பொறியும் கொண்ட கப்பல்கள் சரக்குக் கூலியைக் குறைத்ததும், 1870களுக்குப் பின் மரக்கப்பல்களுக்குத் தேவை சரிந்தது. ஆயினும் நியூ கிளாஸ்கோவின் அருகே, இன்று ஸ்டெல்லார்ட்டன் எனப்படும் ஊரில், உலகின் மிகத் தடித்த நிலக்கரிப் படிவுகளில் ஒன்று, சில இடங்களில் 12 மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் கிடந்தது. அங்கே 1827 முதல் ஒரு பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் பெரிய அளவில் கரி எடுத்துவந்தது. சரக்கேற்றிய பெரிய கப்பலை ஆழமற்ற ஆற்றில் கொண்டுவர இயலாது என்பதால், கரியைத் துறைமுகத்தருகே சேர்ப்பிக்க 1839-இல் இரும்புப்பாதை அமைந்தது; அதில் ஓடிய ‘சாம்சன்’ என்ற எஞ்சின் இங்கிலாந்தில் டிமோதி ஹாக்வொர்த்தின் பட்டறையில் செய்யப்பட்டது.

இந்தக் கரியையும் கப்பல் பட்டறைகளில் பழகிய கொல்லுத் திறனையும் இணைத்தவர்கள் கிரஹாம் ஃபிரேசரும் ஜார்ஜ் ஃபாரஸ்ட் மெக்கேயும். கப்பலுக்கு வேண்டிய இரும்பு உறுப்புகளை அடித்துக் கொடுக்க 1872-இல் அவர்கள் தொடங்கிய உலைக்கூடம், ஆற்றின் சற்றுக் கீழே உள்ள டிரென்ட்டனுக்கு இடம் பெயர்ந்து, 1882-இல் எஃகு நிறுவனமாக வளர்ந்து, அடுத்த ஆண்டே கனடாவின் முதல் எஃகுப் பாளங்களை வார்த்தது. ஒரு தொழில் சரியும்போது அதன் பக்கத்தொழிலில் கைதேர்ந்தவர்கள் காலத்தோடு விழித்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். முதல் உலகப்போரின் இறுதியாண்டுகளில், அந்நிறுவனமே அதே ஆற்றங்கரையில் எஃகுக் கப்பல்களையும் கட்டியது. இரண்டாம் உலகப்போரில் பிக்டோவின் கப்பல் கட்டும் தளம் 4,700 டன் வகையைச் சேர்ந்த 24 சரக்குக் கப்பல்களைக் கட்டித் தந்தது. அப்பணியில் பெண்களும் பங்கேற்றனர். டிரென்ட்டனில் இரயில் பெட்டி செய்துவந்த ஆலை 2007-இல் மூடப்பட்டபோதுதான் இந்த நீண்ட தொடர் அறுந்தது.

கரி இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. ஸ்டெல்லார்ட்டனின் ஆலன் சுரங்கத்தில் 1918-இல் 88 பேரும், அண்டையிலுள்ள பிளிமத்தின் வெஸ்ட்ரே சுரங்கத்தில் 1992 மே 9 அன்று 26 பேரும் வெடிவிபத்தில் மாண்டார்கள்.

அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஸ்காட்லாந்திய வழியினரா?
– வாசகி, திண்டுக்கல்

இல்லை. மிக்மாக் மக்களைப் பற்றி மேலே சொன்னேன். பல தலைமுறைகளாக வாழும் கறுப்பினத்தவரும் உண்டு. 1946 நவம்பர் 8 அன்று, ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த வயோலா டெஸ்மண்ட் என்ற பெண்மணி, நியூ கிளாஸ்கோவின் ரோஸ்லேண்ட் திரையரங்கில் வெள்ளையர் அமரும் கீழ்த்தளத்திலிருந்து எழ மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். இருக்கைக் கட்டணத்தில் ஒரு சென்ட் வரியைக் குறைத்துக் கட்டினார் என்பதே அவர்மீது போடப்பட்ட வழக்கு. 2010-இல் மாகாண அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது. 2018 முதல் அவருடைய உருவம் கனடாவின் பத்து டாலர் தாளில் இருக்கிறது. நியூ கிளாஸ்கோவைப் பற்றி எழுதுவோர் கப்பல்களோடு இதையும் எழுதியாக வேண்டும்.

மகன் ஹாலிஃபாக்ஸில் பணியாற்றுகிறான். அடுத்த ஆண்டு செல்லும்போது நியூ கிளாஸ்கோவில் எதைப் பார்க்கலாம்?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

ஹாலிஃபாக்ஸிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். காரில் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். ஊருக்குள் கார்மைக்கேல் குடும்பத்தின் பழைய வீடு அருங்காட்சியகமாக உள்ளது. ‘சாம்சன்’ எஞ்சினை ஸ்டெல்லார்ட்டனின் தொழில் அருங்காட்சியகத்தில் காணலாம். 2000-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட ‘ஹெக்டர்’ கப்பலின் மறுவடிவம் பிக்டோவில் உள்ளது. கோடை மாதங்களில் செல்லுங்கள்; குளிர்காலத்தில் பல இடங்கள் மூடியிருக்கும். புறப்படுமுன் ஓத நேரத்தைப் பார்த்துக்கொண்டு, பெருக்கு வேளையில் ஒருமுறையும் வற்றும் வேளையில் ஒருமுறையும் ஆற்றங்கரையில் நடந்து பாருங்கள். 1,400 டன் கப்பலை இந்த ஆற்றில் எப்படி இறக்கினார்கள் என்பது அப்போது கண்ணாலேயே விளங்கும்.