சீட்டாட்டத்தில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு? கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ரம்மி, போக்கர் இரண்டையும் வெகுகாலமாகக் காசில்லாமல் ஆடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். இந்த வாரம் சீட்டுக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதாக ஏற்பாடு. எண்ணிக் காட்ட முடிந்ததைத்தான் சொல்வேன்.

ராயபுரம், கல்லூரி மாணவர்: ஐயா, போக்கர் அதிர்ஷ்டமா, திறமையா?

எத்தனை ஆட்டம் ஆடுவீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள் தம்பி. எதிராளியைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிற ஒருவர், 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 53 ஜெயிப்பார் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட பத்துப் பேரை ஆளுக்கு 100 ஆட்டம் ஆடவிட்டால், ஏறக்குறைய மூன்று பேர் முன்னிலைக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆட்டத்தில் அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் கையில் லாபம் இல்லை. ஆளுக்கு 1,000 ஆட்டம் ஆடவிட்டால், நூறு பேரில் மூன்று பேர்தான் அப்படி நிற்பார்கள். திறமை வெளியே தெரிய அவ்வளவு காலம் பிடிக்கிறது. ஒரு ராத்திரி ஜெயித்துவிட்டு ‘நான் கெட்டி’ என்பவரும், ஒரு ராத்திரி தோற்றுவிட்டு ‘ராசி சரியில்லை’ என்பவரும் நூறு ஆட்டத்தைக்கூட எண்ணிப் பார்க்காதவர்கள்.

போக்கரில் திறமை உண்டா என்றே சந்தேகப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மொத்தம் 1,20,000 கை ஆடியது (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை). நான்கு பேரும் தோற்றார்கள். பூவா தலையாவில் எந்தக் கணினியாலும் அப்படி ஜெயிக்க முடியாது.

பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: போக்கரிலேயே பல வகை இருக்கிறதாமே, சார். எதில் திறமைக்கு இடம் அதிகம்?

நான் காத்திருந்த கேள்வி இதுதான். எந்த வகையானாலும் இரண்டைக் கவனியுங்கள்: எதிராளியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிகிறது? ஒரு கைக்குள் எத்தனை தடவை முடிவெடுக்கிறீர்கள்?

ஐந்து சீட்டு வாங்கி, வேண்டாததை ஒரு தடவை மாற்றிக்கொள்ளும் டிராதான் பழைய வகை. பந்தயச் சுற்று இரண்டே. எதிராளியின் ஒரு சீட்டுகூடத் தெரியாது. அவர் எத்தனை சீட்டை மாற்றினார் என்பது மட்டும்தான் துப்பு. ஏழு சீட்டு ஸ்டட்டில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு முகம் தெரிய விழும், பந்தயச் சுற்று ஐந்து. மடித்துவிட்டுப் போனவர்களின் சீட்டை நினைவில் வைத்திருப்பவருக்கு அது தங்கச் சுரங்கம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ரம்மி ஆடி, கீழே விழுந்த சீட்டையெல்லாம் மனதில் அடுக்குபவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஸ்டட்டைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எனக்கும் அதுதான் பிடித்த வகை.

இப்போது உலகம் முழுக்க ஆடுவது ஹோல்டெம். கையில் இரண்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, பந்தயச் சுற்று நான்கு. முதல் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். அது ராஜா ஜோடியோடு மோதினால் நூற்றுக்கு 82 தடவை ஏஸ் ஜெயிக்கும். மீதி 18 தடவைதான் ஆட்களைப் பைத்தியமாக அடிக்கிறது.

ஒமாஹாவில் கையில் நான்கு சீட்டு, அதில் சரியாக இரண்டை எடுத்துச் சேர்க்க வேண்டும். நான்கில் இரண்டு என்றால் ஆறு விதம். அதனால் தொடக்கத்தில் யாருக்கும் பெரிய முன்னிலை இருக்காது. ஒரு நல்ல கை இன்னொரு நல்ல கையைச் சந்தித்தால் பெரும்பாலும் 60க்கு 40 என்ற அளவுதான். ஒரு ராத்திரிக் கணக்கில் ஒமாஹாவில்தான் அதிர்ஷ்டம் அதிகம் ஆட்டுவிக்கும். ஆனால் தெரியாதவர் அந்த ஆறு விதத்தைப் பார்த்து மயங்கி, எல்லாக் கைக்கும் காசு போடுவார். வருடக் கணக்கில் பார்த்தால் தெரிந்தவர்களுக்கு அங்கே வருமானம் கூடுதல். ஒரே ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் அதிகம், திறமையும் அதிகம். இது இரண்டும் ஒரே தராசின் இரு தட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒமாஹா புரியவே புரியாது.

இன்னொன்றும் உண்டு. பந்தயத்துக்கு வரம்பு வைத்து இருவர் ஆடும் ஹோல்டெம்மை, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டார்கள், அதாவது எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கணினியில் கண்டுவிட்டார்கள். வரம்பு இல்லாத ஆட்டத்தில் ஒரே ஒரு தவறான முடிவு முழுப் பணத்தையும் கொண்டுபோகும். அங்கே தப்புக்கு விலை அதிகம்.

கொருக்குப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநர்: வாத்தியாரே, கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் நல்ல சீட்டு வருமா?

வராது.

வியாசர்பாடி, கேரம் ஆடுபவர்: கேரமில் அதிர்ஷ்டமே இல்லைதானே?

டாஸில் துளி இருக்கிறது. மற்றதெல்லாம் விரல்தான். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம வடசென்னைப் பெண். அதை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

திருவொற்றியூர், மளிகைக் கடைக்காரர்: கிளப்பில் நான் மற்றவர்களைவிட நன்றாகத்தான் ஆடுகிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஏன்?

டேபிள் காசு, ஐயா, கிளப் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கு. இதை இந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன், சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த 53 ஆட்டக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள். 53 ஜெயிப்பு, 47 தோல்வி என்றால் ஆட்டத்துக்குச் சராசரி 6 ரூபாய் லாபம். ஜெயித்தவரின் 200 ரூபாயில் மேஜைக்கு 5 விழுக்காடு, அதாவது 10 ரூபாய் எடுத்தால், அந்த 6 ரூபாய் 70 காசாகிவிடும். திறமை அப்படியே இருக்கிறது, பலன் மேஜைக்குப் போகிறது.

1986இல் நான் ஒரு கிளப்பில் ஆறு மாதம் ரம்மி ஆடினேன். நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது சக ஆட்டக்காரர்களிடம் ஜெயித்தது 1,140 ரூபாய், டேபிள் காசாகக் கொடுத்தது 1,900. அன்றைக்குக் காசு ஆட்டத்தை விட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டை: ரம்மியில் கண்டிப்பாக ஜெயிக்க ஒரு டெக்னிக் சொல்லுங்க சார்.

கண்டிப்பாக ஜெயிக்க ஒன்றும் கிடையாது. மோசமான கையை முதலிலேயே ஸ்கூட் போட்டு விலகினால் 20 புள்ளி போகும், நடுவில் போட்டால் 40, கடைசிவரை மாட்டிக்கொண்டால் 80 வரை. அந்த 20ஐக் கொடுக்க மனசு வராதவர்தான் அதிகம் தோற்கிறார்.

மாதவரம்: போக்கரில் தோற்காமல் ஆட ஏதாவது வழி?

மேலே சொன்ன பதில்களைப் படியுங்கள்.

மணலி: ரம்மி ஆட்டம் சட்டப்படி சரியா, தப்பா?

ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1968இல் ஆந்திர வழக்கொன்றில் சொன்னது. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2022 சட்டம் ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டது. சட்டம் செல்லும், அந்தப் பட்டியல் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைக்கும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. உங்கள் சொந்த விஷயம் என்றால் வக்கீலிடம் போங்கள்.

காசிமேடு, மீன்பிடித் தொழிலாளி: மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்று நீங்களும் சொல்கிறீர்களா, வாத்தியாரே? தடைக்காலம் 61 நாளும் வலை பின்னும் கொட்டகையில் நாங்கள் அதுதான் ஆடுகிறோம். எங்கள் மாமா தன் சீட்டைப் பார்க்காமல் பிளைண்டிலேயே எல்லாரையும் காலி செய்வார். வருஷா வருஷம் அவர்தான் ஜெயிக்கிறார்.

தீர்ப்பில் அப்படி இருக்கிறது என்றேன். நானும் இத்தனை நாள் அப்படியே நம்பினேன். சீட்டை மாற்ற முடியாது, கீழே விழும் சீட்டைப் பார்க்க முடியாது, அப்புறம் திறமை எங்கிருந்து வரும்?

எண்ணூர், ஷிப்ட் தொழிலாளி: அதைவிட எனக்கு ஒரு சந்தேகம். போக்கரில் வரிசையாக வரும் சீக்வென்ஸைவிட, ஒரே இனமாக வரும் கலர் பெரிது. மூணு சீட்டில் கலரைவிட சீக்வென்ஸ் பெரிது. எங்கோ யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள்.

இல்லை தம்பி, இரண்டுமே சரி! ஐந்து சீட்டு 25,98,960 விதமாக வரும். அதில் கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. அரிதானது கலர். மூணு சீட்டில் மொத்தம் 22,100 விதம். அதில் கலர் 1,096, சீக்வென்ஸ் 720. அரிதானது சீக்வென்ஸ். மூன்று சீட்டு ஒரே இனமாக அமைவது எளிது, நான்காவதும் ஐந்தாவதும் அமைவதுதான் கடினம். உண்மையில் இடறும் இடம் வேறு. மூன்றும் ஒரே எண்ணாக 52 விதம் வரும். ஒரே இனத்தில் வரிசையாக 48தான். அரிதானது இரண்டாவது, ஆனால் ஆட்டத்தில் முதலாவதைத்தான் பெரிது என்கிறார்கள். குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள்.

காசிமேடு: அதெல்லாம் சரி. என் மாமா?

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். நான்கில் மூன்று கையில் ஜோடிகூட இருக்காது. 22,100இல் 16,440 வெறும் கை. ஜோடி இல்லாமல் ஒரே ஒரு ஏஸ் வைத்திருந்தாலே மேலே உள்ள 43 விழுக்காட்டுக்குள் இருக்கிறீர்கள். இது தெரியாதவர்கள் ஏஸை மடிக்கிறார்கள், சின்ன ஜோடிக்குப் பயப்படுகிறார்கள். அதோடு பிளைண்டில் இருப்பவர் போடுவதைப் போல இரண்டு பங்கு, சீட்டைப் பார்த்தவர் போட வேண்டும். உங்கள் மாமா பாதி விலைக்கு மற்றவர்களைப் பயமுறுத்துகிறார். யார் எப்போது மடிப்பார் என்று 61 நாளில் அவருக்குப் பாடமாகியிருக்கும். ஆகவே முழுக்க அதிர்ஷ்டம் என்று நான் நம்பியதை மாற்றிக்கொள்கிறேன். திறமை உண்டு, சீட்டைப் படிக்கும் திறமை அல்ல, ஆளைப் படிக்கும் திறமை. ஆனால் உங்கள் மாமாவைப் போலவே எல்லாம் தெரிந்த நான்கு பேர் எதிரே உட்கார்ந்தால் அவருக்கு ஏதும் மிஞ்சாது. ரம்மியிலோ ஸ்டட்டிலோ என்றால், விழுந்த சீட்டை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைப்பவருக்கு அப்போதும் கொஞ்சம் மிஞ்சும்.

புளியந்தோப்பு: மங்காத்தாவில் உள்ளே நல்லதா, வெளியே நல்லதா?

முதலில் சீட்டு விழும் பக்கத்துக்கு 51.5 விழுக்காடு. அதில் திறமை எதுவும் கிடையாது.

கொளத்தூர்: சார், ஜெயிக்க ஒரு டெக்னிக்…

மூன்றாவது தடவை. நோட்டு ஒன்று வாங்கி எழுதுங்கள். நூறு ஆட்டம் எழுதாதவருக்கு இனி பதில் இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர், காலடிப்பேட்டை: ஐயா, என் கணவர் ஒரு ஆப்பில் நகையை வைத்து ஆடித் தோற்றுவிட்டார். இப்போது தெரிந்தவர்களிடம் கடன் வாங்கி, விட்டதைப் பிடிக்கிறேன் என்கிறார். அவருக்குத் திறமை இருக்கிறதாம்.

அம்மா, அவருக்குத் திறமை இருந்தாலும் கடன் வாங்கி ஆடுபவரால் 1,000 ஆட்டம் தாங்க முடியாது. அதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடும். அவரோடு வாதாடாதீர்கள். வாங்கிய கடனை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். இனி யாரும் கடன் கொடுக்க வேண்டாம் என்று உறவுக்காரர்களிடம் நீங்களே சொல்லுங்கள், அதில் வெட்கம் ஏதும் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. நீங்கள் பேசினாலும் போதும், அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

காசிமேடு: வாத்தியாரே, நோட்டு வாங்கிவிட்டேன். மச்சானும் நானும் 300 கை போட்டு எண்ணினோம். ஜோடி 47, கலர் 17, சீக்வென்ஸ் 8. மூணும் ஒரே எண் ஒன்றுகூட வரவில்லை. சீட்டுக்கட்டில் ஏதாவது குறையா?

குறையே இல்லை, அருமை! 300 கைக்குக் கணக்குப்படி ஜோடி 51, கலர் 15, சீக்வென்ஸ் 10 வர வேண்டும், ஒரே எண் ஒன்றுக்கும் குறைவு. அடுத்த 300க்கு இன்னொரு பத்தி போடுங்கள்: மாமா பிளைண்டில் ஏற்றும்போது யார் மடித்தார், மடித்தவர் கையில் ஏஸ் இருந்ததா? மடித்த கையை ஆட்டம் முடிந்ததும் திருப்பிப் பாருங்கள். எண்ணிக்கை வந்ததும் அனுப்புங்கள்.