மிட்கார் நகரத்துக்கே ஒரு முழு கேமா?

கே: 1997இல் 3 சிடியில் முடிந்த ஃபைனல் ஃபேன்டசி 7, ரீமேக்கில் மட்டும் ஏன் மூன்று கேமாக இழுக்கிறது? காசு பார்க்கும் வேலைதானே?

ப: காசும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 3 சிடியில் இருந்தது என்ன? தெரு, கடை, அறை பெரும்பாலும் முன்கூட்டியே வரைந்து வைத்த படங்கள். கேமரா நம் கையில் இல்லை. அலமாரிக்குப் பின்பக்கமே கிடையாது. பாத்திரங்களுக்குக் குரலும் இல்லை, எழுத்துதான் ஓடும். ரீமேக்கில் கேமராவை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்றானதும், அதே அறைக்கு நான்கு சுவர், கூரை, ஒளி, காலடி ஓசை, மோதினால் தடுக்கும் எல்லை என்று எல்லாமே புதிதாகச் செய்தாக வேண்டும். வசனத்துக்கு ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என நான்கு மொழிக் குரல்.

மூலத்தில், கதை தொடங்கும் நகரமான மிட்கார் பகுதியை 5 முதல் 8 மணி நேரத்தில் கடந்துவிடலாம். 2020 ஏப்ரலில் வந்த ரீமேக் அதை மட்டும் எடுத்துக்கொண்டு 30 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அறிவிப்பு வந்தது 2015 ஜூனில். சைபர்கனெக்ட்2 நிறுவனத்துடன் பகிர்ந்து செய்துவந்த வேலையை 2017இல் தயாரிப்பு நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸ் தன் குழுவிடமே கொண்டுவந்தது. நாள் கூடியதில் அதற்கும் பங்குண்டு. நீட்டியதெல்லாம் சதை என்றும் சொல்லமாட்டோம். அதே சாக்கடைக்குள் இரண்டாம் முறை இறக்கிவிடுவது அப்பட்டமான இழுவை. இவ்வளவு செய்தும் கதாநாயகன் க்ளவுட் தங்கும் அறையின் கதவு பிஎஸ்4இல் (பிளேஸ்டேஷன் 4) மங்கிய பிளாஸ்டிக் பலகை மாதிரியே நின்றது. 2021இல் வந்த பிஎஸ்5 பதிப்பில்தான் அதற்கு மரக்களை வந்தது.

கே: இரண்டாம் பாகமான ரீபர்த் அதைவிடப் பெரிது. அது மட்டும் எப்படி நான்கு ஆண்டுக்குள் வந்தது?

ப: சண்டைமுறை, முக்கியப் பாத்திரங்களின் மாடல்கள், வேலை பழகிய குழு எல்லாம் கையில் இருந்தன. கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான அன்ரியல் 4 எஞ்சினையும் மாற்றவில்லை. தொடர் ரீமேக்குகளில் முதல் பாகம்தான் காலத்தைத் தின்னும்.

2024 பிப்ரவரியில் வந்த இதற்கு பிஎஸ்5இல் சுமார் 150 ஜிபி காலியாக வேண்டும். டிஸ்க் இரண்டு: முதலில் இன்ஸ்டால் செய்ய டேட்டா டிஸ்க், பிறகு ஆட ப்ளே டிஸ்க். ஜப்பான், ஆசியப் பதிப்புகளில் இரண்டின் பெயரும் இடம்மாறி அச்சாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கி இன்ஸ்டால் ஆகாவிட்டால், திருப்பிக் கொடுக்குமுன் மற்ற டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள்.

கே: ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக் நிறைவாக இருந்தது. 3 மட்டும் ஏன் சட்டென்று முடிகிறது?

ப: 2019 ஜனவரியில் ஒன்று, 2020 ஏப்ரலில் மற்றொன்று, இரண்டும் ஆர்ஈ எஞ்சின்தான். வித்தியாசம் இடங்களைப் பயன்படுத்தும் விதத்தில். 2இல் காவல் நிலையத்தை ஒருமுறை கட்டிவிட்டு, சாவி தேடி அதே தாழ்வாரத்தில் பலமுறை நடக்கவிடுகிறார்கள். நாம் ஆடும் பாத்திரங்களான லியோன், க்ளேர் இருவருக்கும் அதே கட்டடம். 3இல் கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான தெருக்கள் ஒருமுறை கண்ணில் பட்டால் சரி, அவ்வளவுதான். அப்படிப்பட்ட கேமில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை அதிகம், எனவே கத்தரியும் அங்கேதான் விழும். மணிக்கூண்டின் உட்புறம், பூங்கா, நடுவே வந்து முடிவெடுக்கச் சொல்லும் தேர்வுகள், மெர்சனரிஸ் என்ற கூடுதல் ஆட்டமுறை எல்லாம் போயின. ஈடாக வந்த ரெசிஸ்டன்ஸ் மல்டிபிளேயர், ஒற்றை ஆட்டக்காரருக்கு ஈடே அல்ல. முதல்முறை ஆடினாலே சுமார் 6 மணி நேரத்தில் முடிந்துவிடும். முழு விலை கொடுக்காமல் தள்ளுபடியில் வாங்குங்கள்.

கே: டீமன்ஸ் சோல்ஸ் ரீமேக்கில் புது நிலங்கள் உண்டா?

ப: இல்லை. 2020இல் ப்ளூபாய்ன்ட் நிறுவனம் தோற்றம், ஒலி, லோடிங் வேகத்தை மாற்றியது. 2009இன் வரைபடத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் வழி திறக்கும் கற்களில், மூலத்திலேயே உடைந்திருந்த ஆறாவது கல் இன்னும் உடைந்தேதான் கிடக்கிறது.