மண் பாதை தெரிகிறது, சைக்கிளில் இறங்கலாமா?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன். புதிதாக எம்.டி.பி. (மலைப்பாதையில் ஓட்டும் மவுண்டன் பைக்) சைக்கிள் வாங்கியிருக்கிறேன். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஆரம்பித்து, சோலைக்குள் இறங்கி, ஓடையோரமாகப் போகும் ஒரு மண் பாதையை, ஓட்டிய பாதைகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் பார்த்தேன். பலர் ஓட்டியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழு நடத்தும் ஒருவர் தலைக்கு 2,500 ரூபாய் கேட்கிறார். “ஃபாரஸ்ட் பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்கிறார். மோட்டார் இல்லாத சைக்கிளுக்கும் அனுமதி வேண்டுமா? அந்தப் பாதையில் ஓட்டலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மோட்டார் விஷயம். என்னிடம் வருகிற சைக்கிள்காரர்கள் எல்லோரும் இதைத்தான் முதல் வாதமாகச் சொல்கிறார்கள். சட்டம் இன்ஜினைப் பார்ப்பதில்லை, உள்ளே நுழைந்ததைத்தான் பார்க்கிறது. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், 21ஆம் பிரிவின்படி காப்புக்காட்டில், அதாவது அரசு அறிவிப்பு வெளியிட்டுப் பாதுகாக்கும் காட்டில், அத்துமீறி நுழைவதே குற்றம். செருப்புப் போட்டு நடந்து போனாலும் அதே பிரிவுதான். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சட்டத்தை மீறினால் விதிக்கும் பொதுவான அபராதத்தின் உச்சவரம்பு 2022 திருத்தத்துக்கு முன் 25,000 ரூபாயாக இருந்தது. இப்போது ஒரு லட்சம். மூன்று ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. சைக்கிளையும் பிடித்து வைப்பார்கள்.

ஆகவே உங்கள் பாதை யாருடைய நிலத்தில் ஓடுகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். ஸ்ட்ராவா அதைச் சொல்லாது, கூகுள் மேப்பும் சொல்லாது. நூறு பேர் ஓட்டியிருக்கிறார்கள் என்றால் நூறு பேர் மாட்டவில்லை என்று மட்டும்தான் பொருள். கண்ணால் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். தேயிலைச் செடி இருந்தால் தனியார் எஸ்டேட் என்று நினைப்பது நீலகிரியில் பெரிய தவறு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் வனத்துறை தொடங்கி, 1976இல் கழகமாக மாறிய அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்கள் வனத்துறை நிலத்தில் இருப்பவை. ஊரை ஒட்டி இருக்கிறது, அதனால் பூங்கா மாதிரிதான் என்று நினைப்பதும் அப்படியே. கோத்தகிரி ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள லாங்வுட் சோலை சுமார் 116 ஹெக்டேர்தான். ஆனால் அது காப்புக்காடு, 2024 ஜனவரியில் முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பாதை தொடங்கும் இடம், காட்டுக்குள் நுழையும் இடம், வெளியே வரும் இடம் மூன்றையும் போன் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தால் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் கிடைக்கும். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, பட்டா நிலமா புறம்போக்கா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டா இல்லை என்று வந்தால் பொது நிலம் என்று சந்தோஷப்படாதீர்கள், காடாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டா நிலம் என்றால் எஸ்டேட் மேலாளரிடம் நான்கு வரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். காடு என்றால் வனச்சரக அலுவலகம். பாதையை வரைபடத்தில் காட்டி, “இது எந்தக் காப்புக்காடு, இதில் சைக்கிள் ஓட்ட யார் அனுமதி தர வேண்டும்” என்று கேளுங்கள். சாதாரணக் காப்புக்காட்டுக்கு மாவட்ட வன அலுவலர், புலிகள் காப்பகம் என்றால் அதன் துணை இயக்குநர் அலுவலகம் என்று கைகாட்டுவார்கள். விண்ணப்பம் அங்கே போக வேண்டும்.

விண்ணப்பத்தில் ‘சைக்கிள்’ என்று தெளிவாக எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ‘ட்ரெக்கிங்’ என்று எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு சைக்கிளோடு போய் நின்றால் அது செல்லாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன, இணையத்தில் பதிவு செய்யலாம், வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சீட்டு நடப்பவருக்கானது. காட்டுத்தீ காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை விண்ணப்பிக்கவே வேண்டாம்.

இப்போது அந்த 2,500 ரூபாய்க்கு வருகிறேன். “பர்மிஷன் நாங்க பாத்துக்கறோம்” என்பவர்களில் ஒழுங்கானவர்கள் சிலர் இருக்கலாம். என் மேசைக்கு வருவது மற்றவர்களின் வேலை. ஒருவர் போன வருடத்து அனுமதிக் கடிதத்தின் படத்தை, தேதி தெரியாமல் வெட்டி அனுப்புவார். இன்னொருவர் வாகன நிறுத்தக் கட்டண ரசீதை அனுமதிச் சீட்டு என்று காட்டுவார். சில ரிசார்ட்டுகளில் “எங்க எஸ்டேட் டிரெயில்தான் சார்” என்று கூட்டிப்போவார்கள். எஸ்டேட் எல்லைக் கல்லைத் தாண்டியது உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் சொல்கிற ஒன்று, “ஃபாரஸ்ட் கார்டு நமக்குத் தெரிஞ்சவர்தான்”. வனக்காப்பாளருக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரமே கிடையாது. அவர் தலையாட்டியதை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது. நாளை அவர் மாற்றலாகிப் போனால் தலையாட்டிய ஆளும் இல்லை. பிடிபட்ட பிறகு கதை ஒரே மாதிரிதான்: ஏற்பாட்டாளர் “நானும் உங்களை மாதிரி ரைடுக்கு வந்தவன்தான்” என்பார், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும்.

குரங்கணியை மறந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் பிடித்த அந்தக் காட்டுத்தீயில் 23 பேர் உயிர் போனது. மலையேற வந்தவர்கள் டாப் ஸ்டேஷன் பாதைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு கொழுக்குமலைப் பக்கம் போனார்கள் என்று அப்போது அரசுத் தரப்பில் சொன்னார்கள். போனவர்களில் எத்தனை பேர் அந்தச் சீட்டைத் தங்கள் கையில் வாங்கிப் படித்திருப்பார்கள்? அதனால்தான் கடிதத்தை நீங்களே படியுங்கள் என்கிறேன். உங்கள் பெயர், தேதி, பாதையின் பெயர், சைக்கிள் என்ற சொல், அலுவலரின் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். அப்புறம் சரக அலுவலகத்துக்குப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். ஏற்பாட்டாளர் கொடுக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள், அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுங்கள்.

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு, அதைப் பலரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சரணாலயத்துக்குள் போகும் பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம் என்று 1972 சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. முதுமலை வழியாக மைசூர் போகும் சாலையும் திம்பம் மலைப்பாதையும் இந்த வகை. ஆனால் விலக்கு கடந்து போவதற்கு மட்டும். நிறுத்தி யானையைப் படம் எடுத்தால் நீங்கள் கடந்து செல்பவர் இல்லை. தார்ச் சாலையை விட்டுச் சக்கரம் மண்ணில் இறங்கிய நிமிடம் விலக்கு போய்விடும். காட்டுக்குள் ஜீப் போகிற அளவு அகலமாக இருக்கும் வழியெல்லாம் பொதுச் சாலை ஆகாது. வனத்துறையின் ரோந்துப் பாதையும், தீ பரவாமல் இருக்கச் செதுக்கி வைத்த தீத்தடுப்புக் கோடும் சைக்கிளுக்கு அருமையாகத்தான் தெரியும், ஆனால் அவை துறையின் உபயோகத்துக்கு. சாலைக்கும் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது: முதுமலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை. திம்பத்தில் 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுத் தடை. பகலிலும் யானை நிற்கிறது என்று சோதனைச்சாவடியில் உங்களைத் திருப்பி அனுப்பினால் 27ஆம் பிரிவைப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வருகிறது. கோத்தகிரியில் கரடியும் காட்டெருமையும் தோட்டத்துக்குள்ளேயே நடமாடுகின்றன. வளைவில் அவை திடுக்கிட்டால் என்ன ஆகும் என்று அங்கே உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு அலைச்சல் ஏன் என்று கேட்பீர்கள். எனக்கும் அதே ஆத்திரம்தான். ஒவ்வொரு காப்புக்காட்டுக்கும் அரசிதழ் அறிவிப்பு இருக்கிறது, எல்லை வரைபடம் இருக்கிறது. பாதை முகப்பில் ‘நடக்கலாம், சைக்கிள் கூடாது’ என்று ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? பலகை இல்லாத இடத்தில்தான் இடைத்தரகருக்கு வியாபாரம் நடக்கிறது. நேர்மையாகக் கேட்டு எழுதுகிறவருக்குப் பதில் வருவதில்லை. கேட்காமல் நுழைகிறவர் ஓட்டிவிட்டு வந்து படம் போடுகிறார். இது மாற வேண்டும்.

மாறும்வரை, தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள். “ஓட்டலாமா” என்று கேட்டால் மழுப்பலாகப் பதில் வரும். “இன்ன கிராமம், இன்ன சர்வே எண் காப்புக்காட்டில் சேருமா, எந்தத் தேதி அறிவிப்பின்படி, இந்தப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதி அளித்த அல்லது தடை விதித்த உத்தரவின் நகல் தருக” என்று மாவட்ட வன அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். பதில் வராததை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதுவரை சைக்கிளை மூலையில் சாத்தி வைக்க வேண்டாம். கோத்தகிரியைச் சுற்றி ஹட்டிகளை (படகர் ஊர்களை) இணைக்கும் ஊராட்சிச் சாலைகள் ஏற்ற இறக்கமாக, எம்.டி.பி.க்குத் தோதாகவே இருக்கின்றன. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்புங்கள். அந்த ஏற்பாட்டாளரிடம் அனுமதிக் கடிதத்தின் முழு நகலைக் கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் என்ன அனுப்புகிறார் என்பதை எனக்கும் அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.