பந்தலைப் பிரிக்க வேண்டாம், குலையை எண்ணுங்கள்

கம்பம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: "ஐயா, 2 ஏக்கர் பன்னீர் திராட்சை, பந்தலில் இருக்கிறது. ஒயின் கம்பெனி ஏஜென்ட் 20 பிரிக்ஸ் (பழச்சாற்றில் இருக்கிற சர்க்கரை அளவு) கேட்கிறார், எனக்கு 16-ஐத் தாண்டவில்லை. ராத்திரியிலும் புழுக்கம், அறுக்கிற நேரத்தில் மழை. பழம் வெடிக்கிறது, ஒரே குலையில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. பிரான்ஸில் ஒயினுக்குப் பேர்போன போர்டோக்காரர்களே வெயில் தாங்காமல் ரகத்தை மாற்றுகிறார்களாம். நாற்று விற்பவர் பந்தலைப் பிரித்துவிட்டுக் கம்பியில் ஷிராஸ் என்ற ஒயின் ரகத்தை ஏற்றச் சொல்கிறார். நடலாமா?"

வேண்டாம். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

போர்டோ சங்கதி உண்மைதான், ஆனால் பாதி. 2021-இல் அங்கே ஆறு புது ரகங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், நான்கு சிவப்பு, இரண்டு வெள்ளை. ஒருவர் தன் தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் அவற்றை நடக் கூடாது, ஒயினில் 10 சதவீதத்துக்கு மேல் கலக்கவும் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் ஒயின் போடுகிறவர்களே ஓரத்தில் நாலு வரிசை நட்டுப் பார்க்கிறார்கள், உங்களை மட்டும் 2 ஏக்கரையும் பிடுங்கச் சொல்கிறார் நாற்றுக்காரர். அவருக்கு நாற்று விற்க வேண்டும், கம்பியும் கல்லும் விற்க வேண்டும்.

அதைவிட முக்கியம், அவர்கள் நோயும் உங்கள் நோயும் நேர் எதிர். அங்கே வெயிலில் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடுகிறது, தோலும் விதையும் முதிர்வதற்குள் புளிப்பு இறங்கிவிடுகிறது, ஒயினில் சாராயச் சத்து கூடிப்போகிறது. அதனால்தான் தாமதமாகப் பழுக்கும் ரகத்தைத் தேடுகிறார்கள், கிளை வெட்டிவிடுகிற கவாத்தைத் தள்ளிப்போடுகிறார்கள், சிலர் ராத்திரியில் அறுக்கிறார்கள். உங்களுக்கோ சர்க்கரை ஏறவே இல்லை. அவர்கள் மருந்தை நீங்கள் குடித்தால் எப்படி?

பந்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஐரோப்பாவில் முன்பெல்லாம் குலைக்கு வெயில் பட வேண்டுமென்று சுற்றியிருக்கும் இலையைக் கிள்ளுவார்கள். 2003 கோடையில் வாங்கிய சூட்டுக்கு அப்புறம் பலர் மேற்குப் பக்கத்து இலையைத் தொடுவதில்லை. சில இடங்களில் நிழல்வலை கட்டிப் பார்க்கிறார்கள், வட இத்தாலியில் பழைய காலத்துப் பந்தலுக்கே மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. அவர்கள் காசு கொடுத்துத் தேடுகிற நிழல் உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் போய்ப் பிரிப்பேன் என்கிறீர்கள். பந்தலில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. அடர்ந்துபோனால் உள்ளே காற்று நின்றுவிடும், மழை வந்ததும் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் பிடிக்கும். உச்சிவேளையில் பந்தலுக்கு அடியில் போய் நின்று பாருங்கள், தரையில் காசு காசாக வெயில் விழ வேண்டும். முழு இருட்டாக இருந்தால் காய்க்காத தளிர்களை எடுத்துவிடுங்கள். பழத்துக்குச் சர்க்கரை காய்ச்சுவது இலைதான், ஒன்றன்மேல் ஒன்றாக நிழலில் கிடக்கிற இலை காய்ச்சாது.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியதற்கு வருகிறேன். கொடிக்கு எத்தனை குலை விட்டீர்கள்? வருஷத்துக்கு எத்தனை காய்ப்பு? இரண்டையும் எழுதவில்லை. போர்டோவில் இவ்வளவுக்கு மேல் விளைவிக்கக் கூடாது என்று விதியே உண்டு, ஏக்கர் கணக்கில் பார்த்தால் பல இடங்களில் 3 டன்னைச் சுற்றித்தான் வரும், அதுவும் வருஷத்துக்கு ஒரே அறுப்பு, பனிக்காலம் முழுக்கக் கொடி தூங்கும். நம் கொடிக்கு ஏது தூக்கம்? இரண்டு காய்ப்பு எடுத்து, வந்த குலையையெல்லாம் விட்டுவிட்டு, 20 பிரிக்ஸ் கேட்டால் அது எங்கிருந்து கொடுக்கும்?

ஒயினுக்கென்று டிசம்பர்-ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல்-மேயில் அறுக்கிற கோடைக் காய்ப்பை மட்டும் ஒதுக்குங்கள். பிஞ்சு பிடித்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மூன்றில் ஒரு குலையை வெட்டிவிடுங்கள், அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கோடை மழை குறுக்கே வரலாம், அதற்கு யாரிடமும் மருந்து இல்லை. மே-ஜூன் கவாத்தில் வருகிற பழத்தை எப்போதும்போல சாப்பாட்டுப் பழமாக மார்க்கெட்டுக்கு அனுப்புங்கள்.

பாதி கறுப்பு, பாதி சிவப்புக்கு மருந்துக்கடையில் எத்தஃபான் என்ற பழுக்கவைக்கிற மருந்தைக் கொடுப்பார்கள், அடித்தால் நன்றாகக் கறுக்கும் என்பார்கள். தோல் கறுக்கும், சர்க்கரை ஏறாது. ஏஜென்ட் கையில் சர்க்கரை அளக்கிற மீட்டர் இருக்கும்போது கறுப்பை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

மீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, நீங்களே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குலையின் தோளில், அதாவது காம்புப் பக்கம் இருக்கிற பழம் முதலில் இனிக்கும், நுனி கடைசியில்தான் இனிக்கும், வாங்குகிறவர் கை நுனிக்குத்தான் போகும். தோளிலும் நடுவிலும் நுனியிலும் பறித்து, பல கொடிகளின் பழத்தைச் சேர்த்துப் பிழிந்து பார்த்தால்தான் அது கணக்கு.

குலையை வெட்டுவதற்கு முன்னால் ஏஜென்ட்டிடம் ஒன்று கேளுங்கள்: 16-க்கு என்ன விலை, 18-க்கு என்ன விலை, 20-க்கு என்ன விலை? எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றுக்கும் ஒரே விலை என்றால் ஒரு குலையைக்கூட வெட்ட வேண்டாம், எடைக்கு வாங்குகிறவருக்கே கொடுத்துவிடுங்கள்.