ஹிரகானாவில் மட்டும் எழுதிய கடிதம் ஏன் புரிவதில்லை?

வணக்கம். ஜப்பானிய ஒலியெழுத்து வகையான ஹிரகானாவின் 46 அடிப்படை எழுத்துகளால் மட்டுமே நீங்கள் எழுதிய கடிதத்தைப் படிக்க ஜப்பானிய நண்பர் திணறினார் என்றும், ஒலி சரியாக இருக்கும்போது காஞ்சி (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள்) எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஜப்பானிய மொழியில் சொற்களுக்கிடையே பொதுவாக இடம் விடுவதில்லை என்பதால், ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெரும்பாலும் எழுத்துவகை மாறும் இடமே கண்ணுக்குக் காட்டுகிறது. 'அம்மாவுக்குப் பூ பிடிக்கும்' என்பதை 'ஹஹ வ ஹன க ஸுகி' என்பார்கள். 'வ' என்னும் இடைச்சொல்லையும் 'ஹ' எழுத்தாலேயே எழுதுவது மரபாதலால், ஹிரகானாவில் அந்த ஒரே எழுத்து நான்கு முறை அடுத்தடுத்து வந்து நிற்கும். (நீங்கள் சிரிக்கிறீர்கள் என்றுகூட நண்பர் நினைத்திருக்கலாம்.) போதாததற்கு, 'ஹன' என்பது பூவா, மூக்கா என்ற குழப்பமும் உண்டு. அம்மாவுக்கும் பூவுக்கும் உரிய காஞ்சிகளை இட்டால் இரண்டு சிக்கல்களும் ஒரே பார்வையில் தீர்ந்துவிடும். இடைச்சொற்களும் வினைவிகுதிகளும் ஹிரகானாவில் நிற்கும். காப்பி போன்ற அயற்சொற்களுக்குக் கதகானா என்னும் மற்றோர் ஒலியெழுத்து வகை.

ஹிரகானாவை மட்டும் கொண்டு, சொற்களுக்கிடையே இடம்விட்டு அச்சிடுவது மழலையர் நூல்களில்தான். தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 காஞ்சிகளைக் கற்பிக்கிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் 2,136 உள்ளன. இதைக் கண்டு மலைக்க வேண்டாம். கைபேசியில் ஜப்பானியர்களும் ஒலியைத் தட்டிவிட்டு, திரையில் வரும் காஞ்சிகளிலிருந்து உரியதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; சரளமாகப் படிப்பவர்களில் பலர் கையால் எழுதும்போது தடுமாறுவதும் உண்டு. எனவே, அடுத்த கடிதத்தைத் தட்டச்சு செய்து, பெயர்ச்சொற்களையும் வினையடிகளையும் மட்டும் காஞ்சிக்கு மாற்றி அனுப்பிப் பாருங்கள்.