மேடை கேள்வி – பதில்: ரசிகரும் மேடையேறும் இசை நாடகங்கள்

பார்வையாளரை மேடைக்கு இழுக்கும் இசை நாடகங்கள், அன்றைய செய்தியை வைத்து அடிக்கும் ஜோக்குகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில்.

கே: அமெரிக்காவில் இருக்கும் மகள் ‘ஸ்பெல்லிங் பீ’ என்ற நாடகத்துக்குக் கூட்டிப்போனாள். கூட்டத்திலிருந்து நாலு பேரை மேடையேற்றி, கஷ்டமான வார்த்தைகளை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். எல்லாம் செட்டப்தானே? – வாசகி, திருச்சி

ப: செட்டப் இல்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு யாரையோ கூப்பிட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள்.

நாடகத்தின் முழுப்பெயர் ‘தி 25த் ஆனுவல் புட்னம் கவுன்ட்டி ஸ்பெல்லிங் பீ’. பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கூட்டல் போட்டிதான் கதை. பிள்ளைகளாக வரும் நடிகர்களோடு இந்த நாலு ரசிகர்களும் போட்டியாளர்களாக உட்காருவார்கள். பாட்டும் இசையும் வில்லியம் ஃபின், வசனம் ரேச்சல் ஷெய்ன்கின். 2005 மே மாதம் பிராட்வேக்கு (நியூ யார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள வட்டாரம்) வந்து 2008 ஜனவரி வரை 1,136 காட்சிகள் ஓடியது. அதன்பின் உலகெங்கும் பள்ளி, கல்லூரி, அமெச்சூர் குழுக்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

திரை விலகுவதற்கு முன்பே லாபியில் ஒரு மேஜை போட்டிருப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் அங்கே பெயர் கொடுக்க வேண்டும். பெயர், வேலை, பொழுதுபோக்கு என்று இரண்டு நிமிடப் பேச்சு. கேட்பவர் பதிலைவிட ஆளைத்தான் கவனிப்பார். “நான், நான்” என்று துள்ளுகிறவரையும், காலேஜில் நடித்திருக்கிறேன் என்பவரையும் தவிர்ப்பது நல்லது. அவர்கள் மேடையேறினால் தங்களுக்கென்று தனி நாடகம் ஆரம்பித்துவிடுவார்கள். குடித்திருப்பவர், படியேற முடியாதவர், பேரைக் கேட்டாலே குரல் உள்ளே போகிறவர் மூவரும் சரிப்படமாட்டார்கள். நிதானமாக, கொஞ்சம் கூச்சத்தோடு, ஆனால் காதில் விழும்படி பேசுகிறவர்தான் தேவை. நாலு பேரும் நாலு விதமாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் மைக்குக்கு வரும்போது, போட்டியை நடத்தும் ரோனா லிசா பெரெட்டி பாத்திரம் அவருடைய உடையையோ முடியையோ வைத்து ஒரு ‘அறிமுகம்’ செய்யும். நாலு பேரும் நீலச் சட்டை போட்ட ஐ.டி. இளைஞர்கள் என்றால் அந்த ஜோக் இரண்டாவது ஆளோடு செத்துவிடும்.

தேர்வானவர்களுக்குச் சொல்லித்தருவது ரொம்பக் குறைவு: பேர் கூப்பிட்டால் மைக்குக்கு வாருங்கள், அர்த்தம் கேளுங்கள், வாக்கியத்தில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு தெரிந்தவரை எழுத்துக்கூட்டுங்கள். நடுவில் இருக்கும் இரண்டும்தான் உயிர்நாடி. நடுவரான வைஸ் பிரின்சிபல் பாஞ்ச்சின் நகைச்சுவை முழுவதும் அந்த அர்த்தத்திலும் வாக்கியத்திலும்தான் இருக்கிறது. உள்ளூர் மேயர், நேற்றைய மேட்ச், இன்றைய தலைப்புச் செய்தி எல்லாம் அங்கேதான் நுழையும். பதற்றத்தில் ஒருவர் எதையும் கேட்காமல் கடகடவென்று எழுத்துக்கூட்டிவிட்டால் போச்சு. அதனால்தான் பக்கத்தில் உட்காரும் நடிகர் “அர்த்தம் கேளுங்க” என்று காதில் முணுமுணுப்பார்.

மேடையேறும் ரசிகரிடம் காலர் மைக் கிடையாது. எழுத்துக்கூட்டல் போட்டி என்றாலே நடுவில் ஒரு ஸ்டாண்ட் மைக் இருக்கும் என்பதால் அந்தப் பிரச்சினை கதையிலேயே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்று: நாலு பேரும் குறிப்பிட்ட கட்டத்துக்குள் தோற்று வெளியேறியாக வேண்டும். அதற்குப்பின் கதை முழுக்கப் பாத்திரங்களுடையது. முதலில் வேண்டுமென்றே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை ஒன்றைக் கொடுத்து ரசிகரைத் தேர்ச்சிபெற வைப்பார்கள். “அவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபம்?” என்று மற்றப் போட்டியாளர்கள் கொதிப்பதிலிருந்து ‘பாண்டமோனியம்’ என்ற பாட்டு பிறக்கும். பிறகு வார்த்தைகள் முரட்டுத்தனமாகும். தோற்றவருக்கு ஒரு கட்டிப்பிடிப்பும் ஒரு ஜூஸ் பெட்டியும். கடைசி ரசிகருக்கு மட்டும் தனியாக ஒரு வழியனுப்புப் பாட்டு.

சிக்கல் எங்கே வரும்? மெத்தப் படித்த ஒருவர் மேடையேறி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும்போது. அதற்குத்தான் பாஞ்ச் கையில் இன்னும் கடினமான வார்த்தைகள் வரிசையாக இருக்கும். கூட்டம் அந்த ரசிகர் பக்கம் சாய்ந்து கைதட்டத் தொடங்கும். நடுவர் அசடு வழிந்தபடி அடுத்த அட்டையை எடுப்பார். எங்களைக் கேட்டால் அதைவிடச் சிறந்த காட்சி அந்த நாடகத்தில் இல்லை.

கே: நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நாடகத்தில் பாட்டு வரிகளை ஒவ்வொரு காட்சிக்கும் மாற்றுகிறார்களாமே? – வாசகர், சேலம்

ப: நூற்றைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. 1885 மார்ச் 14-ல் லண்டன் சவாய் அரங்கில் ஏறிய, ஜப்பானில் நடப்பதாக வரும் ‘தி மிக்காடோ’. எழுதியவர் டபிள்யூ.எஸ். கில்பர்ட், இசை ஆர்தர் சல்லிவன். முதல் ஓட்டமே 672 காட்சிகள். அதில் கோ-கோ என்ற தலைவெட்டும் அதிகாரி, ‘தலை போனாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்’ என்று தான் கருதும் ஆட்களின் பட்டியலைப் பாடுவான். அந்தப் பட்டியல்தான் மாறுகிறது.

தொடங்கிவைத்தவர் கில்பர்ட்டே. மூல வரியில் ஒரு பெண் நாவலாசிரியை வருவார். பின்னாளில் அந்த இடத்தில் வேகமாக சைக்கிள் ஓட்டுகிறவர் வந்தார், அப்புறம் மோட்டார் ஓட்டுகிறவர். கடைசிச் சரணத்தில் அரசியல்வாதிகள் வரும் இடத்தில் பேரே சொல்லாமல் “இன்னார், அன்னார், அந்த ஆள்” என்று விட்டு, இடத்தை நிரப்புவது உங்கள் பாடு என்று கூட்டத்திடம் தள்ளிவிட்டார். நடிகர் ஒரு மூக்கைச் சொறிந்தால், ஒரு நடையை நடந்து காட்டினால் போதும். மேடை வசனத்துக்கெல்லாம் லார்டு சேம்பர்லைன் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்தின் முன்அனுமதி வேண்டியிருந்த காலம் அது. பிரிட்டனில் அந்தத் தணிக்கை 1968-ல்தான் ஒழிந்தது.

இதே கில்பர்ட் நடிகர்கள் சொந்தச் சரக்கைச் சேர்ப்பதை அறவே வெறுத்தவர். அதில் முரண் இல்லை. எங்கே மாற்றலாம் என்பதை அவரே வகுத்துக் கொடுத்திருந்தார். மற்ற இடத்தில் ஒரு எழுத்தை அசைக்க விடமாட்டார்.

பாட்டின் கட்டமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு சரணமும் ஒரே எதுகையில் போய் முடியும். ‘லிஸ்ட்’, ‘மிஸ்ட்’ என்ற இரண்டு ஓசைகள். அந்த முடிவுகளைத்தான் கோரஸ் திருப்பிப் பாடுகிறது. நடுவரிகள் தினம் மாறினாலும் கோரஸுக்குப் புதிதாக ஒத்திகை வேண்டாம், இசைக்குழுவை நடத்தும் கண்டக்டருக்கும் எங்கே கையைத் தூக்குவது என்ற குழப்பம் வராது.

இங்கிலிஷ் நேஷனல் ஆப்பராவில் ஜோனதன் மில்லர் 1986-ல் இயக்கிய தயாரிப்பு பல்லாண்டு திரும்பத் திரும்ப மேடையேறியது. அதில் நீண்டகாலம் கோ-கோவாக நடித்த ரிச்சர்ட் சூவர்ட், பட்டியலைத் தானே எழுதிப் புதுப்பித்துவந்தார்.

கே: எங்கள் கல்லூரி ஆங்கில நாடகக் குழு இப்படி ஒன்றைப் போட விரும்புகிறது. ஜோக்குகளை நம் ஊருக்கு மாற்றலாமா? – மாணவர், கோவை

ப: எந்த நாடகம் என்பதைப் பொறுத்தது. ‘ஸ்பெல்லிங் பீ’க்கு உரிமம் வாங்க வேண்டும்; மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் தருகிறது. ஒப்பந்தப்படி வசனத்தையோ பாட்டையோ நீங்களாக மாற்றக்கூடாது. ரசிகர் பகுதியில் நடுவர் இட்டுக்கட்டிச் சொல்ல இடம் இருக்கிறது, அதற்குள்ளேயே விளையாடுங்கள். ஒரு பாத்திரத்தின் ஊரைப் பொள்ளாச்சி ஆக்க ஆசைப்பட்டால், முதலில் எழுதிக் கேளுங்கள்.

‘மிக்காடோ’வுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். கில்பர்ட் இறந்தது 1911. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் உரிமை முடிந்தது. ஆனால் இப்போதைய பாடகர் எழுதிய புதிய பட்டியல் வரிகள் அவருடையவை, அவற்றை எடுக்காதீர்கள். பழைய அச்சுப் பிரதியை அப்படியே பாடவும் வேண்டாம்: பட்டியல் பாட்டிலேயே கறுப்பின மக்களை இழிக்கும் சொல் ஒன்று இருக்கிறது. 1948-ல் அதை மாற்றிவிட்டார்கள். மஞ்சள் சாயம் பூசி ஜப்பானியராக வேடம் போடுவதற்கும் இன்று கடும் எதிர்ப்பு உண்டு. மில்லர் கதையை 1930-களின் ஆங்கிலேயக் கடற்கரை ஹோட்டலுக்கு மாற்றிவிட்டார். வேடப் பிரச்சினையே எழவில்லை.

ஜோக் எழுதும்போது கவனிக்க: பேர் வரியின் கடைசியில் வரட்டும். பேரைச் சொல்லிவிட்டு இன்னும் நாலு வார்த்தை பாடினால் அந்த நாலும் சிரிப்பில் மூழ்கும், அடுத்த வரியும் கேட்காது. ஒரு வரிக்கு ஒரு ஆள். கூடத்தில் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாத செய்தி என்றால் விட்டுவிடுங்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பார் பற்றிய வரி எந்த மந்திரி பெயரையும்விட உங்கள் கல்லூரியில் எடுபடும். சிரிப்பு நீண்டால் பக்கவாத்தியம் சும்மா நிற்கக்கூடாது. இரண்டு அல்லது நாலு பார் (தாளச் சுற்று) இசையைத் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும் (இதற்கு ‘வேம்ப்’ என்று பெயர்). பாடகர் தலையசைத்ததும் மேலே போகலாம்.

நிறையப் பேர் கோட்டை விடுவது க்யூ வார்த்தையில், அதாவது அடுத்த வேலைக்கு அடையாளமான வார்த்தையில். லைட், சவுண்ட் ஆட்கள் ஸ்டேஜ் மேனேஜர் சொல்லச் சொல்ல பட்டனை அழுத்துகிறார்கள். அவர் கவனித்துக்கொண்டிருப்பது வசனத்தின் கடைசி வார்த்தையை. நடிகர் புது ஜோக்கின் ஜோரில் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டால் விளக்கு மாறாது, அடுத்த ஆள் இருட்டில் நிற்பார். நடுவில் என்ன வேண்டுமானாலும் மாற்றுங்கள், கடைசி வார்த்தையைத் தொடாதீர்கள். காட்சிக்கு முன் புது வரியை ஸ்டேஜ் மேனேஜரிடமும் கண்டக்டரிடமும் எழுதிக் கொடுங்கள்.

கே: ஜோக்கில் வரும் தலைவர் பதவி இழந்துவிட்டால்? – வாசகர், மதுரை

ப: வரியும் பதவி இழக்கும். 2003-ல் பிராட்வேக்கு வந்த ‘அவென்யூ க்யூ’ பொம்மை நாடகத்தின் கடைசிப் பாட்டில், எல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான் என்று அடுக்கும்போது ஜார்ஜ் புஷ் பேரும் வரும். அவர் இறங்கியதும் மாற்றினார்கள். பாட்டின் பொருளே ‘எதுவும் நிலைக்காது’ என்பதால், மாற்றினாலும் பாட்டுக்குச் சேதம் இல்லை.

கே: ‘ராக்கி ஹாரர் ஷோ’வில் அரிசி எறியலாமா? – வாசகி, சிங்கப்பூர்

ப: சினிமாவுக்கு எறிவார்கள், மேடைக்குப் பெரும்பாலான அரங்குகள் விடுவதில்லை. இந்த வழக்கம் சுற்றி வளைத்து வந்தது. 1973 ஜூனில் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கின் மாடியில், 63 இருக்கை கொண்ட சின்ன அரங்கில் தொடங்கிய நாடகம் அது. 1975-ல் படமானது. 1976-லிருந்து நியூ யார்க்கில் நள்ளிரவுக் காட்சிகளில் ரசிகர்கள் திரையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். கல்யாணக் காட்சிக்கு அரிசி, மழைக்குத் தண்ணீர்த் துப்பாக்கியும் தலைக்கு மேல் செய்தித்தாளும். பிறகு அந்தக் கூச்சல் மேடை நாடகத்துக்கே திரும்பி வந்தது.

திரைக்கு வழுக்காது. மேடையில் ஹை ஹீல்ஸில் ஆடுகிறவருக்கு ஒரு பிடி அரிசி போதும், கணுக்கால் போய்விடும். தண்ணீர் என்றால் தரையில் ஓடும் ஒயர்களும் ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அரங்கிலேயே விற்கும் பையை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இருப்பது மட்டும் அனுமதி.

கத்துவதற்குத் தடையில்லை. கத்த வேண்டிய இடம் கதைசொல்லி பேசும்போது விடும் இடைவெளி. அந்தப் பாத்திரத்துக்கு வாய்த்துடுக்கான ஆளைத்தான் போடுவார்கள். 2000-ல் பிராட்வே மறுஅரங்கேற்றத்தில் டி.வி. பேட்டிகளுக்குப் பேர்போன டிக் கேவட் அதைச் செய்தார். பாட்டு நடக்கும்போது கத்தினால் உங்கள் ஜோக்கும் கேட்காது, பாட்டும் கேட்காது.

கே: இப்படிக் கூச்சல் போட்டால் நடிகருக்குக் கோபம் வராதா? – வாசகர், நாகர்கோவில்

ப: வரும், நேற்றுக் கேட்ட அதே ஜோக்கை இன்றும் கேட்டால்.

கே: கொலையாளி யார் என்று ரசிகர்களே ஓட்டுப் போடும் நாடகம் உண்டாமே? எண்ணிக்கை நிஜமா? – வாசகர், ஈரோடு

ப: ‘தி மிஸ்டரி ஆஃப் எட்வின் ட்ரூட்’. சார்லஸ் டிக்கன்ஸ் 1870-ல் முடிக்காமல் இறந்த நாவலை வைத்து ரூபர்ட் ஹோம்ஸ் எழுதியது. 1986-ல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது (பிராட்வே நாடகங்களுக்கான விருது) பெற்றது. டிக்கன்ஸ் பேனாவை வைத்த இடத்தில் நாடகமும் நிற்கும். துப்பறிபவர் யார், கொலையாளி யார், காதல் ஜோடி யார் என மூன்று தேர்தல்.

கொலையாளிக்கு நடிகர்களே கூடத்துக்குள் இறங்கி, பகுதி பகுதியாகக் கை எண்ணுவார்கள். முடிவு இசைக்குழுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் மேடையில் நேரத்தை இழுப்பது சபைத்தலைவர் பாத்திரத்தின் வேலை. சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் தனி ஒப்புதல் பாட்டு ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், ரசிகர்கள் நியாயம் பார்ப்பதில்லை. குறைவாகச் சந்தேகம் விழும் அப்பாவியைத் தேர்ந்தெடுத்து வேடிக்கை பார்ப்பார்கள். அபூர்வமாகத் தேர்வாகும் நடிகர் வாரக்கணக்கில் பாடாத பாட்டைத் திடீரென்று பாட வேண்டியிருக்கும். அதனால் அந்தப் பாட்டுகளுக்கு இடையிடையே மறுஒத்திகை கட்டாயம்.

கே: நம் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் செய்வதும் இதுதானே? – வாசகர், புதுக்கோட்டை

ப: இதைவிடத் துணிச்சலானது. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இன்றும் கோயில் திருவிழாக்களில் இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை ஓடுகிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை கிடையாது. பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் வரும் பேச்சும் தர்க்கமும் அன்றன்று பிறப்பவை. ஊர்ப் பஞ்சாயத்து, தண்ணீர் வராத குழாய், மேடைக்கு முன்னால் தூங்கும் பெரியவர் எல்லாம் பபூன் வாயில் விழும்.

இதே நாடகத்தில்தான் நடிகர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் வெள்ளைக்காரனை ‘கொக்கு’ என்று பாடி வெள்ளை அரசிடம் சிறை போனார். 1940-ல் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார். விடுதலைக்குப் பிறகும் வசனப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டச் சொல்லும் சட்டம் 1954-ல் இங்கே வந்தது. மேடையில் நினைத்ததைப் பேசிய எம்.ஆர். ராதாவைக் குறிவைத்து வந்த சட்டம் என்றே அதைச் சொல்வார்கள். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. பபூன்கள் அதுவரை காத்திருக்கவில்லை. பிரதியே இல்லாத பேச்சை எந்த ஸ்டேஷனில் போய்க் காட்டுவது?